எழுப்பும் நேரம்

மணி மூன்றே முக்கால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருட்டாக்கிய அறையில், ஓட்டுநர் இன்னும் தூங்கவில்லை.

டெக்னீஷியனுக்கு அதுவே அதிசயம். முதல் தடவை வந்தபோது தலையணையில் தலை படுவதற்குள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியவர். அது அசதி இல்லை, நோய். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும். பஸ் டிப்போவில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டு அவரைப் பஸ் கழுவ விட்டிருந்தார்கள். இந்தத் தூக்க ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சி முடிந்து மருந்து தேறினால்தான் மறுபடி அவருக்கு வண்டி.

சோதனை எளிது. பகலில் படுக்க வைப்பார்கள். தூக்கம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். தூங்கிய பதினைந்தாவது நிமிடம் எழுப்பிவிட வேண்டும். விட்டால் அடுத்த சோதனை கெட்டுப்போகும். அவள் இதுவரை ஒருவரையும் விட்டதில்லை.

"எமன்கூட ஒரு நிமிஷம் தள்ளிக் குடுப்பான் தங்கச்சி. நீ குடுக்க மாட்டே" என்பார் ஓட்டுநர்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அந்த நடைபாதைக்குள் வர வேண்டும். பேச்சு கையால்தான். கட்டைவிரல் கவிழ்ந்தால், தூங்கிவிட்டார். உள்ளங்கை விரிந்தால், விழித்துவிட்டார். மூடிய முஷ்டி என்றால், பதிவை நிறுத்து. வெயில் திரைச்சீலை வழியாக வடிந்து தரையில் மஞ்சளாகத் தேங்கும். அதில் கால் நனைத்தபடி எல்லாரும் நீருக்கடியில் நடப்பவர்கள்போல நடப்பார்கள்.

திரையில் மூளையலைக் கோடு தளர்ந்தது. நெருக்கமான அலைகள் ஒவ்வொன்றாக விலகி, சோம்பி, நீண்டன. பதினோரு நிமிடம். அவர் இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததே இல்லை. அவள் சிரித்த முகத்தோடு திரும்பிக் கட்டைவிரலைக் கவிழ்த்தாள்.

கதவருகே நின்றிருந்த டாக்டரம்மா மூடிய முஷ்டியைக் காட்டினார்.

ஏதாவது ஒயர் கழன்றுவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டாக்டரம்மா இல்லையென்று தலையாட்டினார். அதே முஷ்டியை அடுத்த அறைக்குக் காட்டினார், அதற்கடுத்த அறைக்கும், நடைபாதை முழுவதற்கும். பிறகு தன் அறைப் பக்கம் கையை நீட்டினார்.

அங்கே டிவி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நிதியமைச்சர் வாயசைத்தார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள், பஞ்சைத் தட்டுவதுபோல. அடியில் எழுத்துகள் ஊர்ந்தன: மருத்துவ ஆராய்ச்சிக்கான ஒதுக்கீடு பாதியாகக் குறைப்பு.

இருவரும் காதோடு காதாகப் பேசினார்கள்.

"நாம எந்தப் பாதி டாக்டர்?"

"இல்லாத பாதி. இப்பதான் மேலேருந்து சொன்னாங்க."

"முடிய இன்னும் நாலு மாசந்தானே இருக்கு?"

"கெஞ்சிப் பார்த்துட்டேன். பெரிய நோய்க்கே பத்தலையாம். தூங்கறதெல்லாம் ஒரு நோயான்னு சிரிக்கறாங்க."

"மருந்து?"

"இந்த மாசத்தோட சரி."

பதினைந்தாவது நிமிடம் வந்தது. அவள் கை எழுப்பும் மணிக்குப் போய் பாதியில் நின்றது. கண்ணசைவைக் காட்டும் கோடு துள்ளத் தொடங்கியிருந்தது. கனவு.

"எழுப்பலையா?"

"எழுப்பி என்னத்தைச் சொல்ல?"

டாக்டரம்மா ஸ்டூலை ஓசைப்படாமல் இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டுநரின் கனவு கோடாக ஓடியது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தரையில் தேங்கிய மஞ்சள் மெல்லச் சுவரேறியது.

அவராகவேதான் விழித்தார். அவள் உள்ளே போய்த் தலையிலிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"என்ன தங்கச்சி, எமனுக்கு இன்னிக்கு லீவா?"

"நல்லாத் தூங்கினீங்கண்ணே."

"கனவுல வண்டி ஓட்டினேன். ஸ்டாப்பெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கு. கண்டக்டர்லேருந்து கடைசி சீட்டுவரைக்கும் அத்தனை பேரும் தூங்கறாங்க. நான் ஒருத்தன்தான் முழிச்சிட்டிருக்கேன்!" ஒயர் ஒட்டிய பசை காய்ந்த முடி குத்திட்டு நிற்க, அவர் சிரித்தார். "எத்தனை நிமிஷம் தாங்கினேன்?"

"பதினொண்ணு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வீட்டுக்காரி நம்பவே மாட்டா. அடுத்த மாசம் இருபதாக்கிக் காட்டறேன் பாரு. என்னிக்கு வரணும், சொல்லு தங்கச்சி?"