எம் 27: தடுமாற்றம், சிரிப்புக்கு

1

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் கட்டடத்தின் குப்பை போடும் மூலையில். எரிக்கக்கூடிய குப்பையை எடுத்துப்போகும் நாள் அது. கீழ்வீட்டு முரோயி ஹிசனோரி, கல்யாண வீட்டில் கொடுத்தனுப்பிய கேக் பெட்டியைப் பிரிக்காமலே, காக்கை கிளறாமலிருக்கப் போட்டிருக்கும் வலைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நல்ல கேக்காச்சே" என்றேன்.

"தொண்டையில இறங்காதுங்க" என்றார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது, "கதை எழுதறவர்தானே நீங்க. எழுதிக்கங்க. ஆனா என்னை நல்லவனா மட்டும் ஆக்கிடாதீங்க" என்றார்.

தலையாட்டினேன். அதன்பின் எழுதிய எல்லா வரைவுகளிலும் அவரை நல்லவராக்கிவிட்டேன். இது இன்னொரு முயற்சி.

2

முதல் தொடக்கம்: "அன்று டோக்கியோவில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஹிசனோரியின் மனதிலும்" [நிறுத்திவிட்டேன். அன்று மழை கிடையாது, நல்ல வெயில். அவருடைய வெட்கத்துக்கு நான் பின்னணி இசை போடப் பார்த்தேன். அது அவர் தொழில்.]

இரண்டாவது தொடக்கம்: "ஹிசனோரிக்கு ஒரு அண்ணன். பெயர் தெட்சுஜி. கவாகுச்சியில் கார் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்குத் திக்குவாய்." [இது நிற்கட்டும். அழகில்லை. ஆனால் கதை இதுதான்.]

3

ஹிசனோரி தொலைக்காட்சியில் வரும் அனிமே கார்ட்டூன் தொடர்களுக்குப் பின்னணி இசை எழுதுகிறவர். பாட்டு அல்ல. பாத்திரங்கள் பேசும்போது அடியில் ஓடுமே, நின்றுபோனால்தான் இருந்ததே தெரியுமே, அது. பலரும் நினைப்பதுபோல் படத்தைப் பார்த்து எழுதுவதில்லை. எழுதும்போது படமே இருக்காது. இயக்குநரிடமிருந்து பட்டியல்தான் வரும். எம் 1, வழக்கமான காலை. எம் 14, சோகம், அழாமல். எம் 27, தடுமாற்றம், சிரிப்புக்கு. இப்படி ஐம்பது சொச்சம் துண்டுகள். எழுதி, ஒலிப்பதிவு செய்து கொடுத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. எந்தத் துண்டை எந்தக் காட்சியில் வைப்பது என்று தீர்மானிக்கத் தனியாக ஒருவர் உண்டு. எழுதியவரும் நம்மைப் போல டி.வி. முன்னால் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடர், மழை அனுப்பும் அலுவலகம் ஒன்றைப் பற்றியது. வேலை செய்பவை பூதங்கள். அதில் ஒரு பயந்தாங்கொள்ளி குமாஸ்தா பூதம், ஊர் மாற்றி மழையை அனுப்பிவிட்டுத் திருதிருவென்று முழிக்கும். எம் 27 அதற்குத்தான்.

மற்றதெல்லாம் வந்துவிட்டது, எம் 27 மட்டும் வரவில்லை. கடைசியில் வந்தது. பஸூன் என்று ஒரு பெரிய குழல், மூக்கடைத்த ஆள் பேசுகிற குரல் அதற்கு. ஒரே சுரம் மூன்று முறை முட்டும். நிற்கும். வாய் திறந்தபடி ஒரு மௌனம். பிறகு மிச்ச சுரங்களெல்லாம், ரயில் கதவு திறந்ததுபோல முண்டியடித்து வெளியே விழும்.

அது தெட்சுஜி. வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் தெட்சுஜி வாசித்த விதம். பக்கத்து வகுப்பில் உட்கார்ந்து தம்பி கேட்ட விதம். அந்த வகுப்பு எங்கே சிரித்ததோ அங்கேதான் பஸூன் நிற்கிறது.

[முதல் வரைவில் "அவரை அறியாமல் வந்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். சந்தேகம் வந்து அவரையே கேட்டேன். "மூணாவது சுரத்துலயே தெரிஞ்சு போச்சுங்க. தெரிஞ்சுதான் முடிச்சேன்" என்றார்.]

காட்சிக்கு இசை பொறுக்கும் ஒகாத்தா அம்மாள் போன் செய்தாள். "முரோயி சார், உங்க சோகம் எல்லாம் அழகா இருக்கு. தடுமாற்றம் மட்டுந்தான் நெஜமா இருக்கு. வாரா வாரம் வெச்சுக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

சொன்னபடியே வாரா வாரம் வைத்தாள். ஊரில் பிள்ளைகள் எதையாவது கீழே போட்டு உடைத்தால், திட்டு வாங்குவதற்கு முன்னால் வாயாலேயே அதைப் பாடத் தொடங்கினார்கள். ஹிசனோரியின் பெயர் முதல்முறையாக நாலு பேருக்குத் தெரிந்தது.

4

தெட்சுஜியின் மகன் ரியோஹெய்க்குக் கல்யாணம் நிச்சயமானது. விருந்து முடிகிறபோது, வழக்கப்படி, மாப்பிள்ளையின் அப்பா மைக் முன்னால் நின்று, இரண்டு குடும்பத்தின் சார்பிலும் நன்றி சொல்லியாக வேண்டும்.

ரியோஹெய் போனில் சொன்னான்: "சித்தப்பா, அப்பா மைக்குக்கு நடந்து போறப்போ உங்க பாட்டு போடறோம். குமாஸ்தா பாட்டு! அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"வேற ஏதாவது வைடா. சோகம் ரெண்டு இருக்கே, வயலின்ல..."

"கல்யாணத்துல சோகமா? பொண்ணு வீட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்க."

"சரி, அப்பாவ எதுக்குப் பேச விடற? நீயே பேசிடேன்."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன். அவரேதான் பேசணுமாம்."

காரணத்தைச் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்ல ஹிசனோரிக்கு வழி தெரியவில்லை. பாட்டு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் இருந்தவரை யாருக்கும் தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், ஒரு வருடமாகத் தாங்கள் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும். முதலில் அண்ணனுக்குத் தெரிந்துவிடும்.

5

மண்டபத்து நடைவழி. வாடகை வால்கோட்டில் தெட்சுஜி. நகக்கண்ணில் மட்டும் பட்டறை எண்ணெய் போகவில்லை.

[தெட்சுஜியின் பேச்சை நேராகவே எழுதுகிறேன். எழுத்தை உடைத்து, நடுவே கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். படிக்கச் சிரிப்பாக இருந்தது. கிழித்துவிட்டேன்.]

"அண்ணே, நீ மைக்குக்குப் போறப்போ ஒரு பாட்டு போடப் போறாங்க."

"தெரியும்."

"வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"ஏன்? நான்தானே போட வெச்சேன்."

"ரியோஹெய் ரகசியம்னு சொன்னான்."

"அவன் காதுல அதைப் போட்டதே நான். தானா யோசிச்சதா நெனச்சுட்டுத் திரியறான், முட்டாப்பய."

"இல்லண்ணே, அந்தப் பாட்டு என்னன்னு உனக்கு..."

"டேய் ஹிசா. நம்ம வீட்டுல உனக்கு மட்டுந்தான் காது இருக்கா?"

ஹிசனோரி தரைவிரிப்பைப் பார்த்தார்.

"எப்படியும் சிரிப்பாங்க" என்றார் தெட்சுஜி. "பாட்டுக்கே சிரிச்சு முடிச்சுட்டு உக்காரட்டும். அப்புறம் நான் பேசிக்கறேன்." தம்பியின் வெள்ளை டையை இழுத்து நேராக்கினார். "கோணலா கட்டிட்டு வந்திருக்கான் பாரு."

"அண்ணே, என்னை மன்னிச்" [எடுத்துவிட்டேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. "பேச்சு எழுதி வெச்சிருக்கியா?" என்றுதான் கேட்டாராம். அண்ணன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாராம்.]

6

முடிவுகள், நான் எழுதிப் பார்த்த வரிசையில்.

அ. ஹிசனோரி ஒலிமேசைக்குப் போய் இசையை நிறுத்தச் சொல்கிறார். அண்ணன் மௌனத்தில் நடந்து போகிறார்.

ஆ. ஹிசனோரி மைக் அருகே போய் அண்ணனோடு நிற்கிறார். இருவரும் சேர்ந்து குனிந்து வணங்குகிறார்கள். [என் மனைவிக்கு இதுதான் பிடித்தது.]

இ. ஹிசனோரி எழுந்து எல்லோர் முன்பும் உண்மையைச் சொல்ல

போதும். மூன்றிலும் அவர் எழுந்து நிற்கிறார். உண்மையில் நாற்காலியை விட்டு அசையவேயில்லை.

7

நடந்தது இது. எம் 27 ஒலித்தது. சிரித்தார்கள், தாளத்துக்குக் கை தட்டினார்கள். தெட்சுஜி குமாஸ்தா பூதத்தைப் போலவே தோளைக் குறுக்கி நடந்து காட்டினார். பெண் வீட்டு மேசையில் ஒருவர் விசிலடித்தார். இசை நின்றது. தெட்சுஜி காகிதத்தைப் பிரித்தார். முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்து முடித்திருந்தார்கள்.

ஆனால் அந்தத் திக்கல் மாறியிருந்தது. பையனாக இருந்தபோது இருந்த மூன்று முட்டல் இல்லை. நீண்ட மூச்சு ஒன்று உள்ளே போனது, அப்படியே நின்றது. பிறகு இரண்டே இரண்டு அசைகள், மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல. ஹிசனோரி இதைக் கேட்டதே இல்லை. எவ்வளவு காலமாக அண்ணன் இப்படிப் பேசுகிறார் என்றும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே குனிந்தபோது, வெள்ளை மேசைவிரிப்பின் மேல் தன் ஆள்காட்டி விரலைக் கண்டார். அது தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்தையும் அளந்து எடுத்துக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எம் 27-ஐ விட நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

விரலை அண்ணன் பார்த்தாரா என்று கேட்டேன். கால்சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அந்தத் தொடரின் அடுத்த பாகத்துக்குப் பட்டியல் வந்துவிட்டதாக ஒகாத்தா அம்மாள் கீழ்வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனதை நேற்று மாடியிலிருந்து கேட்டேன். இப்போது கீழே பியானோ கேட்கிறது. நீண்ட மௌனம். இரண்டு சுரம். மறுபடி மௌனம், இந்த முறை இன்னும் சரியான அளவில்.

கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, நிறுத்தச் சொல்லலாம். நாற்காலியைப் பின்னால் தள்ளியும்விட்டேன். ஆனால் அந்த இரண்டு சுரம், என்ன சொல்ல, மிக நன்றாக இருக்கிறது. இதைப் படிக்கிற நீங்கள் எனக்கு முன்னால் வாசல் பக்கம் நிற்கிறீர்கள். தட்டுவதென்றால் நீங்கள்தான் தட்ட வேண்டும்.