புருவம் சொறியும் ஜெபம்

வீட்டில் குடும்ப ஜெபம் என்று உட்கார்ந்துவிட்டால் ஃபோர்மேனுக்குக் குரல் எட்டுக் கட்டையில் ஏறும். ஜன்னலையும் அவரே திறந்துவைப்பார்; காற்று வரட்டும் என்பார். காற்று வருகிறதோ இல்லையோ, சத்தம் தெருமுனை வரைக்கும் போகும். நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி மாடிவீட்டுக்காரர் மனந்திரும்புவது வரை ஒன்றையும் விடமாட்டார். நடுவில் மனைவி நைசாக எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். அவள் திரும்பும்போதும் அவர் மாடிவீட்டுக்காரரை விட்டிருக்கமாட்டார்.

அதே மனிதர் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் கேட்டைத் தாண்டினால் ஜெப விஷயத்தில் பெட்டிப்பாம்பு. பசை மெஷின் பிரிவு முழுக்க அவர் கையில்தான். வேலையில் அதட்டுவார், விரட்டுவார். ஆனால் கேன்டீனில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு வெட்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். பசை மெஷினில்கூட அப்படி ஒட்டாது. நாலு பேர் நடுவில் கண்ணை மூடினால் என்ன நினைப்பார்கள்? ஆகவே இரண்டு விரலைப் புருவத்தில் வைத்துச் சொறிகிற மாதிரி தலையைக் குனிவார். அந்த மறைவில் ஒரு ஸ்தோத்திரம், ஒரு ஆமென். பார்க்கிறவர்களுக்கு அரிப்பு, ஆண்டவருக்கு ஜெபம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த தன் சாமர்த்தியத்தை அவரே பல வருடமாக மெச்சிக்கொண்டிருந்தார்.

சாமர்த்தியம் ஒருநாள் பல்லிளித்தது. பெட்டிக் கட்டுகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் டிரைவர், எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. டெய்லி சாப்பிடுறப்போ மட்டும் புருவம் அரிக்குதே, ஏதாவது சிரங்கா? என்கிட்ட நல்ல களிம்பு இருக்கு.”

ஃபோர்மேனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரங்கு என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

“சிரங்கெல்லாம் இல்லப்பா,” என்றார் மெதுவாக. “அது... ஜெபம்.”

“ஓ.” டிரைவர் சிரிக்கவில்லை. தன் டப்பாவை மூடிவைத்தார். “அப்போ ஒரு உதவி பண்ணுங்கண்ணே. வியாழக்கிழமை என் வீட்டுக்காரிக்கு வயித்துக் கட்டிக்கு ஆபரேஷன். எனக்குப் பயமா இருக்கு. உங்க ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“கண்டிப்பா சொல்றேன்,” என்றார் ஃபோர்மேன். அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே நெஞ்சு நிமிர்ந்திருந்தது. “இன்னிக்குக் கம்பெனியில பகிரங்கமா சாட்சி சொன்னேன், தெரியுமா?”

“சொன்னீங்களா, மாட்டிக்கிட்டீங்களா?” என்று கேட்டாள் மனைவி. கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா?

அன்றைய ஜெபம் வழக்கத்தைவிட நீண்டது. சிங்கக்கெபியில், சிங்கங்களுக்கு நடுவே நிற்பவரைப் போலத் தனக்குத் தைரியம் கொடுத்ததற்காக நன்றி சொன்னார். அந்தத் தைரியம் பெருக வேண்டும் என்று கேட்டார். மாடிவீட்டுக்காரரும் தப்பவில்லை. டிரைவரின் மனைவி மட்டும் விடுபட்டுப்போனாள். மறுநாளும் விடுபட்டாள். வியாழக்கிழமை பசை மெஷினில் உருளை மாட்டிக்கொண்டது; அதோடு எல்லாம் சுத்தமாக மறந்துபோயிற்று.

அடுத்த வாரம் டிரைவர் வேலைக்குத் திரும்பினார். கேன்டீனில் எல்லோரும் பார்க்க நேராக வந்து ஃபோர்மேனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வீட்டுக்காரி பொழைச்சுக்கிட்டாண்ணே. கட்டி சாதாக் கட்டிதானாம். எல்லாம் உங்க ஜெபம்தான்.”

மேஜை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஃபோர்மேனுக்கு அப்போதுதான் வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பெயர் தானாக வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்கைப் பிடித்து இதைச் சொல்வதாகக்கூட மனசு ஓடிவிட்டது. சபையார் அல்லேலூயா சொல்லும் இடத்தையும் குறித்துக்கொண்டது. சீ என்று இருந்தது அவருக்கு. தன்னை நம்பி ஒருவன் பெண்டாட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனான். தானோ தன் தைரியத்துக்கே நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம். கை பழக்கதோஷத்தில் புருவத்துக்குப் போயிற்று. கீழே இறக்கினார்.

“நான் ஜெபம் பண்ணலப்பா.”

“என்னண்ணே?”

“மறந்துட்டேன். பண்றேன்னு சொல்லிட்டு, ஒருநாள்கூடப் பண்ணல. மன்னிச்சுக்கோ.”

யாரோ டம்ளரை மெதுவாக வைத்தார்கள். டிரைவர் பிடித்திருந்த கையை விட்டார். கோபித்துக்கொள்வார் என்று ஃபோர்மேன் காத்திருந்தார்; திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. டிரைவர் எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவர் போல நெற்றியைச் சுருக்கினார்.

“அப்போ என்னோடதுதான் போய்ச் சேர்ந்திருக்கு,” என்றார்.

“உன்னோடதா?”

“ஆமாண்ணே. ஆபரேஷன் ரூம் வாசல்ல உக்காந்து, நீங்க பண்ற மாதிரியே பண்ணிக்கிட்டிருந்தேன். என்ன சொல்லணும்னு தெரியாது. சொறிஞ்சாப் போதும்னு நெனச்சேன்.”

ஃபோர்மேன் அப்போதுதான் கவனித்தார். டிரைவரின் வலது புருவத்தில் தோல் உரிந்து, சின்னதாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

இவ்வளவு காலமும் ஜெபத்தை ஒளித்துவைக்கத் தான் பண்ணிய ஒரு சேட்டையை, இந்த ஆள் முழுசாக நம்பிச் செய்திருக்கிறார். ஃபோர்மேன் டப்பாவைத் தள்ளிவைத்தார். இரண்டு கையையும் மேஜைமேல் எல்லோருக்கும் தெரியும்படி கோத்து, கண்ணை மூடினார். டிரைவரின் மனைவிக்காகச் சத்தமாகவே நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். தெருமுனை வரை போகிற குரல் அன்று உதட்டைத் தாண்டவில்லை. “ஆண்டவரே” என்பதோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

சந்தேகமாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பக்கத்தில் டிரைவர் தலையைக் குனிந்து, காயம் படாத இடது புருவத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.