அட்டைக்குப் போடும் சுண்ணாம்பு

என் வீட்டுக்காரர் கஜேந்திரனுக்கு அந்த ஓடைதான் உயிர். புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேலே, நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து ஓடையில் விரல் நீள மீன் ஒன்று உண்டு. கறிக்கும் ஆகாது. ஆனால் இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் அது இல்லை என்று சொல்லி, பல்கலைக்கழகத்து மிஸ் இவரைக் காவலுக்கு வைத்திருந்தார்.

போன மழையில் பங்களாக் குளம் நிரம்பி வழிந்தது. தோட்டத்தை நடத்தும் தொரை அங்கே ஆசையாய் வளர்க்கும் ஜப்பான் மீன்கள் நாலைந்து ஓடைக்கு வந்துவிட்டன. அடுத்த மாதமே எங்கள் மீன்களின் விலாவில் நூல் நூலாகப் புழு தொங்கியது. தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டு இரத்தம் குடிக்கிற சனியன். மீன்கள் கல்லில் உரசி உரசிச் செத்தன.

இவர் பங்களாவுக்கு ஓடினார்.

“என் மீன்ல ஒண்ணுமே இல்லையே. நீயே பாரு,” என்றார் தொரை.

பார்த்தார். இல்லைதான். மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார். அடுத்த கிழமைதான், ஏழெட்டு நாள் கழித்து, வருவதாக மிஸ் சொன்னார். அதற்குள் ஓடையின் ஒரே ஒரு குழியில்தான் மீன் மிச்சம். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கொழுந்து எடுக்கப் போகும்போது சுண்ணாம்பும் துணி துவைக்கும் சவுக்காரமும் குழைத்துக் காலில் பூசுவோம். ஒட்டியிருக்கும் அட்டைகூடச் சுருண்டு விழும். இந்தப் புழுவும் அட்டைக்குத் தங்கச்சிதானே என்று நினைத்தேன். இவர் இல்லாத நேரம் ஒரு வாளி கரைத்துக் குழியில் ஊற்றினேன்.

புழு விழவில்லை. மீன்கள்தான் மிதந்தன, ஒன்றுவிடாமல்.

கரையில் உட்கார்ந்து அழுதேன். அவ்வழியே வந்த பங்களாச் சமையல்காரர் இருளப்பன் எட்டிப் பார்த்தார்.

“அட, இந்தப் புழுவா? எங்க மீனுக்கும் இருந்துச்சே. கொழும்புலேருந்து டாக்டர் வந்து மருந்து போட்டு மூணு கிழமை ஆச்சு. பாதிப் போத்தல் இன்னும் கெடக்கு.”

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை.

மிஸ் வந்தபோது, சுண்ணாம்புக் கதையைக் கேள்விப்பட்டிருந்த தொரையும் கூட வந்தார். “லயத்து ஆளுங்களுக்கு என்ன தெரியும், மிஸ்?” என்றார்.

போத்தலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். இவர் என் கையைப் பிடித்து அமுக்கினார். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்துடையது; தொரை நினைத்தால் அன்றைக்கே காலி பண்ணச் சொல்லலாம்.

“ஆமாங்க தொரை. எங்களுக்குத் தெரியாதுங்க,” என்றார் இவர்.

மருந்து தெரிந்த மனுஷன், தொரை, மிஸ் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.