தியோடோரா தேர்ச்சி பெற்ற அக்டோபர்

விஸ்துலா ஆறு வளைந்து போகும் அந்தப் போலந்து நகரத்தில் லுடோமிரிடம் தோற்காத குடும்பம் குறைவு. ஓட்டுநர் தேர்வு மையத்தில் அவர் தேர்வாளர். ஊரின் பல் மருத்துவர் அவரிடம் தோற்றிருந்தார். பாதிரியாரும் தோற்றிருந்தார், அதுவும் தம் தேவாலயத்து வாசலிலேயே. சில பெற்றோர் அவருக்குப் பயந்து பிள்ளைகளைப் பக்கத்து மாவட்டத்துக்கு அழைத்துப் போய்த் தேர்வு கொடுக்க வைத்தார்கள். அவர் யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. பின்னால் எடுக்கும்போது சக்கரம் கோட்டை மிதித்தால், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்கச் சொல்வார். காரணத்தைச் சொல்லிவிட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி இறங்கிப் போய்விடுவார். அந்த வாழ்த்தைத்தான் ஊரில் யாராலும் மன்னிக்க முடியவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவர் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்ததை ஒருநாள் மனைவி இர்மினா பார்த்துவிட்டாள். வந்து போட்டுவிட்டாள். மறுநாளும் போட்டுவிட்டாள். பிறகு அது வீட்டு வழக்கமாகிவிட்டது. மூட்டு மருத்துவர் சாப்லா வாரத்துக்கொரு முறை போடும் மாத்திரை கொடுத்தார். உடம்பைக் காக்க வேண்டிய படை திசை தவறித் தன் மூட்டுகளையே தாக்குகிற நோய் இது, முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். லுடோமிர் தலையாட்டினார். விதிகளைக் கேட்டுக்கொள்வதில் அவருக்கு என்றைக்கும் சிரமம் இருந்ததில்லை.

வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் காளான் பறிக்கக் காட்டுக்குப் போகவில்லை. மழை பெய்து காடு முழுக்கக் காளான் முளைத்திருந்தது. மச்சான் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். இவர் சோபாவில் உட்கார்ந்தபடி, நீ போய் வா என்றார். இர்மினா வைத்த பீட்ரூட் சூப் அவர் வாய்க்கு வெந்நீர் மாதிரி இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, குடித்து முடித்தார். சோகமாக இருக்கிறாயா என்று இர்மினா கேட்டபோது யோசித்துப் பார்த்து, இல்லை என்றார். அது பொய்யும் அல்ல. சோகம் என்று சொல்ல அவருக்குள் ஒன்றும் இருக்கவில்லை. வயதானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது மாடிவீட்டு தியோடோரா. கல்லறைத் தோட்டத்து வாசலில் பூவும் மெழுகுவர்த்தியும் விற்பவள். பூச்சந்தைக்குப் போய்வர ஒரு பழைய வேன் வாங்கி வைத்திருந்தாள். அதை ஓட்டத்தான் உரிமம் கிடைக்கவில்லை. தேர்வு மையத்தில் எல்லோரும் அவளைப் பெயர் சொல்லி வரவேற்கும் அளவுக்குத் தோற்றிருந்தாள். அக்டோபர் முடியும் சமயம், கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்தி குவிய வேண்டிய வாரத்தில், கீழே இறங்கி வந்து இர்மினாவின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இர்மினா, உன் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல."

இர்மினா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அதான் தெரியுமே. விரல்ல வீக்கம்."

"விரல் இல்லடி. என்னைய பாஸ் பண்ணிட்டாரு."

"நீ நல்லா ஓட்டியிருப்ப."

"நடைபாதை மேல ஏத்தினேன். இறக்கினேன். திரும்பவும் ஏத்தினேன். அவர் பாட்டுக்கு ஜன்னல் வழியா வெளிய பார்த்துட்டு இருந்தாரு. கடைசியில பாஸ்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாரு. நல்ல நாளா அமையட்டும்னுகூடச் சொல்லல."

இர்மினா கத்தியைக் கீழே வைத்தாள்.

தியோடோராவுக்கு மட்டும் அல்ல, அந்த மாதம் அவரிடம் வந்த எல்லோருக்குமே தேர்ச்சி. நிறுத்தக் குறியில் நிற்காதவன், வட்டச் சந்தியில் எதிர்த்திசையில் நுழையப் போனவள், யாரையும் அவர் தோற்கடிக்கவில்லை. பக்கத்து மாவட்டத்துக்குப் போன பெற்றோர் திரும்பி வரத் தொடங்கினார்கள். மையத்தின் இயக்குநர் கோர்னெல் அவரை அறைக்குக் கூப்பிட்டார். இளம் வயதில் கோர்னெலும் லுடோமிரிடம் தோற்றவர்தான், அதனால் அவர்மேல் ஒரு மரியாதை வைத்திருந்தார். தேர்வு வண்டிகளில் கேமரா உண்டு. பதிவைப் போட்டுக் காட்டினார்.

லுடோமிர் திரையில் தன்னைப் பார்த்தார். பேருந்தில் ஊர் வந்து சேரக் காத்திருக்கும் பயணி மாதிரி ஒருவன் உட்கார்ந்திருந்தான். வண்டி நடைபாதையில் ஏறி இறங்கியபோது அவன் தலை மட்டும் ஆடியது.

"யார்கிட்டயாவது ஏதாவது வாங்கினீங்களா?" என்று கேட்டார் கோர்னெல்.

"இல்ல."

"அப்புறம் ஏன் பாஸ் போட்டீங்க?"

லுடோமிர் யோசித்தார். "எப்படி ஓட்டினா என்னன்னு தோணுச்சு."

"வாங்கியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும், பான் லுடோமிர்" என்றார் கோர்னெல், மரியாதைக்குச் சேர்க்கும் அந்த 'பான்' குறையாமல். "இவங்கள்லாம் இப்ப ரோட்டுல ஓட்டிக்கிட்டு இருக்காங்க."

பயப்பட வேண்டிய செய்தி என்று லுடோமிருக்குத் தெரிந்தது. பயம் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார் கோர்னெல். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்தார்.

இர்மினா அவரைக் கூட்டிக்கொண்டு சாப்லாவிடம் போனாள். அவர் விரல்களை அழுத்திப் பார்த்தார், இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், அழற்சி ஏறியிருக்கிறது என்றார். மாத்திரை போடுகிறாரா என்று கேட்டார். லுடோமிர் தலையாட்டினார். இவர் எதிலும் ஒட்டாமல் இருக்கிறார் என்று இர்மினா சொன்னதற்கு, இவ்வளவு வலியில் யார்தான் பாட்டுப் பாடுவார்கள் என்றார் மருத்துவர். மனசு என் பிரிவில் வராது, மூன்றாவது மாடிக்குப் போங்கள் என்றார். போனார்கள்.

மூன்றாவது மாடியில் மனநல மருத்துவர் லெஸ்னியாக் என்ற இளம்பெண். எடுத்த எடுப்பிலேயே கைகளைக் காட்டச் சொன்னாள். கீழேதான் இப்போது காட்டிவிட்டு வருகிறோம் என்றாள் இர்மினா. இருக்கட்டும் என்று லெஸ்னியாக் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தாள்.

"மாத்திரை போடுறீங்களா?"

"இல்ல."

இர்மினா திரும்பிப் பார்த்தாள்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"நிறுத்தல. போடல, அவ்வளவுதான்."

லெஸ்னியாக் குறித்துக்கொண்டாள். அதே குரலில், சாவைப் பற்றி நினைப்பு வருமா என்று கேட்டாள். இர்மினா பக்கத்தில் இருப்பதால் அவர் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லவும் ஒரு முயற்சி வேண்டும்.

"ரயில்வே கேட்ல வண்டி நிக்கும்போது, எல்லாம் இப்படியே நின்னுட்டா நல்லாயிருக்கும்னு சில நாள் தோணும்."

"ஏதாவது செஞ்சுக்கணும்னு போனதுண்டா?"

"இல்ல. அதுக்கும் தெம்பு வேணும்ல."

இர்மினா தன் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.

லெஸ்னியாக் பேனாவைக் கீழே வைத்தாள். "காய்ச்சல் வந்தா என்ன ஆகும்? சாப்பாடு பிடிக்காது, யார்கூடவும் பேசப் பிடிக்காது, சுருண்டு படுத்துக்கணும்னு இருக்கும். உள்ள சண்டை நடக்குது, நீ அசையாம கிடன்னு உடம்பு மூளைக்குச் சொல்லியனுப்புது. காய்ச்சல்னா சீக்கிரம் போயிடும். இவர் உடம்புல சண்டை ஓயவே இல்ல. மூளைக்குச் சேதி போய்க்கிட்டே இருக்கு."

"அப்ப இது மூட்டு நோயா, மனநோயா?" என்று கேட்டாள் இர்மினா.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு வளர்க்குது. மனசு விழுந்ததும் மாத்திரை போடலை, தூக்கம் போச்சு, நடக்கிறது நின்னுச்சு. அதுல வீக்கம் ஏறுது. வீக்கம் ஏறினா மனசு இன்னும் விழுது. எல்லாருக்கும் இப்படித்தான்னு நான் சொல்ல மாட்டேன். இவருக்கு அப்படின்னு நினைக்கிறேன்."

அவர்கள் எதிரிலேயே முதல் மாடிக்குத் தொலைபேசி போட்டாள். சாப்லாவும் அவளும் பல ஆண்டுகளாக ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்கள், லிஃப்டில் வணக்கம் சொல்லிக்கொள்கிறவர்கள். தன் பெயரை அவருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நோயாளியைப் பற்றிப் பேசினார்கள். இடையில் லெஸ்னியாக் கொஞ்சநேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இல்ல டாக்டர், தலையைத்தான் ஆட்டியிருக்காரு" என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் குளிர்காற்று அடித்தது. இர்மினா அவரைச் செல்லப் பெயரால் கூப்பிட்டாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, லுடெக்."

"சட்டைப் பொத்தானையே நீதான் போடுற. இதையும் எப்படிச் சொல்றது?"

"பொத்தான் போடுறதெல்லாம் ஒரு வேலையா? இதைச் சொல்லு."

அவர் சரி என்றார். பேருந்து வந்தது. ஏறும்போது அவள் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

சாப்லா மாத்திரையை மாற்றி ஊசி எழுதிக் கொடுத்தார். லெஸ்னியாக் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தாள். வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும், தினமும் ஆற்றங்கரையில் நடக்க வேண்டும் என்றாள். லுடோமிர் நடந்தார். ஆசைப்பட்டு நடக்கவில்லை, இர்மினா கூட வந்தாள் என்பதால் நடந்தார். கிறிஸ்துமஸ் போனது. விருந்துக்கு வந்த மச்சான் காளான் பேச்சையே எடுக்கவில்லை, இர்மினா மிரட்டி வைத்திருந்தாள். வீக்கம் மெல்ல வடிந்தது. மனசு எப்போது அசைந்தது என்று யாருக்கும் தெரியாது. முதலில் திரும்பி வந்தது சந்தோஷம் அல்ல, எரிச்சல். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டு, உப்பே இல்லையே என்றார். தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இர்மினா திரும்பவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, சத்தத்தோடு சத்தமாக அழுதாள். பிறகு உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்து, வேணும்னா போட்டுக்கோ என்றாள்.

விசாரணையின் முடிவில், அந்த அக்டோபர் மாதத் தேர்ச்சிகளெல்லாம் ரத்தாயின. ஊர் கொதித்தது. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் கோர்னெலைத் திட்டினார்கள், லுடோமிரை இன்னும் அதிகமாகத் திட்டினார்கள். வட்டச் சந்தியில் எதிர்த்திசையில் நுழையப் போனவள் பத்திரிகைக்கு எழுதினாள். உடல்நலக் காரணம் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததால் வேலை பிழைத்தது. வசந்த காலத்தில் லுடோமிர் மையத்துக்குத் திரும்பினார். முதல் சில வாரங்கள் கோர்னெல் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். அது அவமானமாக இருந்தது என்று லுடோமிர் லெஸ்னியாக்கிடம் சொன்னார். நல்ல அறிகுறி என்று அவள் எழுதிக்கொண்டாள்.

உரிமம் போனவர்களில் தியோடோராவும் ஒருத்தி. மறுபடி தேர்வுக்கு வந்தபோது லுடோமிர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். அவருக்கு நோய் என்று முதலில் சொன்னவள் அவள்தான். கொஞ்சம் நன்றி இருக்கும் என்று எதிர்பார்த்தாள். பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்தில் குடையோடு நின்ற ஒரு கிழவருக்கு வழிவிடாமல் போனாள். ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"நான்தான் உங்களைக் காப்பாத்தினேன், பான் லுடோமிர்."

"ஆமா. அதுக்கு நன்றி. அந்தக் கிழவருக்கு நீங்க நின்னிருக்கணும், பானி தியோடோரா. நல்ல நாளா அமையட்டும்."

தியோடோரா ஈஸ்டர்வரை இர்மினாவோடு பேசவில்லை. கோடையில் வேறொரு தேர்வாளரிடம் முறையாகத் தேறினாள். வேனின் பக்கவாட்டில் பெரிதாக ஒரு செவ்வந்திப் பூ வரைந்துகொண்டாள்.

அடுத்த நவம்பரில் ஒருநாள் காலை உணவின்போது, கணுக்கால் வீங்கியிருக்கிறது என்றார் லுடோமிர். இர்மினா குனிந்து பார்த்தாள். வீங்கித்தான் இருந்தது.

"ரெண்டு மூணு நாளா எதுவும் பிடிக்கவும் இல்ல" என்றார். "எது முதல்ல வந்துச்சுன்னு தெரியல."

"பயமா இருக்கா?"

அவர் யோசித்தார். "இருக்கு."

"சரி, முதல்ல சாப்பிடு" என்றாள் இர்மினா. தொலைபேசியை எடுத்து முதல் மாடிக்கு ஒன்றும் மூன்றாவது மாடிக்கு ஒன்றுமாக நேரம் வாங்கினாள். இரண்டும் ஒரே நாளில் கிடைக்கவில்லை. லுடோமிர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.