மூடியைத் திறந்தவள்

லாரி ஷெட் வாசலில் இருந்த பலகையில் இரண்டு படங்கள் ஒட்டியிருந்தன. இரண்டிலும் ஒரே பெண்தான். சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டு, டீசல் டேங்கின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே ஒரு எழுத்துகூட இல்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை பாருங்கள், பார்த்தவர்கள் எல்லாம் மனசுக்குள் எழுதிக்கொண்டார்கள்.

பதினோரு வருடமாக அங்கே வண்டி ஓட்டுகிறவள் அவள். ஷெட்டில் அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர். அவள் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாலே முன்னால் போகிற வண்டி ஒதுங்கிவிடும்.

அன்று காலை மேனேஜர் ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"டீசல் எடுத்தது தப்பு, இனிமே செய்யமாட்டேன்னு இருக்கு. ஒரு கையெழுத்து போடும்மா. இல்லேன்னா மத்தியானத்துக்குள்ள சாவியைக் கொடுத்துட்டுப் போயிடலாம்."

"சார், ஏத்தத்துல வண்டி இழுக்கல. திணறி நின்னுடுது. மூடியைத் திறந்து மூடினா ஓடுது. நாலு தடவை எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அதுவும் டேங்க் நிறைச்ச அன்னிக்கு மட்டும் நிக்குமாம், பாதி காலியானா நல்லா ஓடுமாம். எந்த வண்டிம்மா அப்படி?"

"உங்க வண்டிதான் சார்."

அவர் இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். மூன்று முறை சோதித்தாயிற்று, பழுது இல்லை என்று மெக்கானிக் கையெழுத்துப் போட்ட தாள். அந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, ஹாரனின் நாத்தனார், புருஷனின் கூடப்பிறந்த தங்கை. வீட்டில் இரண்டு பேரும் அடுப்படியில் ஐந்து நிமிடம் சேர்ந்து நின்றால் ஆறாவது நிமிடம் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும்.

ஹாரன் நேராகப் பட்டறைக்குப் போனாள். நாத்தனார் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும்தான் தெரிந்தது.

"உன் கையெழுத்தை வெச்சுத்தான் என்னைத் திருடிங்கறார்."

"டீசல் அழுத்தம் பார்க்கற கேஜ்ல முள்ளு நாலுல நின்னா, நான் ரெண்டுன்னா எழுத முடியும் அண்ணி?" என்றது கால். "ஃபில்டர் மாத்தினேன். குழாய்ல காத்து வருதான்னு பார்த்தேன். மூணு தடவையும் டீசல் நல்ல அழுத்தத்துலதான் போகுது."

"சரி. சோதிக்கறதுக்கு முன்னாடி முதல் வேலையா என்ன செய்வே?"

"டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு மூடியைத் திறந்து..."

பேச்சு நின்றது. நாத்தனார் வெளியே உருண்டு வந்து எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் கிரீஸ்.

தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் உறிஞ்சிப் பார்த்திருக்கிறீர்களா கண்ணுகளா? பாட்டில் ஒடுங்கும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வராது. எடுத்த தண்ணீருக்குப் பதிலாகக் காற்று உள்ளே போகவேண்டும். டீசல் டேங்கும் அப்படித்தான். காற்றுப் போக மேலே சின்னதாக ஒரு துளை வைத்திருப்பார்கள். அது அடைத்துக்கொண்டால் எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச டேங்க் எதிர்த்து இழுக்கும். டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே குறைவு, அதனால் சீக்கிரமே மல்லுக்கு நிற்கும். மூடியைத் திறந்தால் காற்றுப் போய் எல்லாம் சரியாகிவிடும். நாத்தனார் சோதிக்கப் போகும்போதெல்லாம் அவள் கையே நோயைத் துரத்தியிருக்கிறது.

"இப்பவே கம்பியை விட்டுக் குத்திடறேன், ரெண்டு நிமிஷம்" என்று எழுந்தாள் நாத்தனார்.

"தொடாதே" என்றாள் ஹாரன். "நீ குத்தினா வண்டி நல்லாயிடும். நான் திருடியாவே இருந்துடுவேன்."

டேங்கை நிறைத்தார்கள். மூடிமேல் குறுக்கே ஒரு காகிதப் பட்டை ஒட்டினார்கள். ஹாரன் பேனாவை மேனேஜரிடம் நீட்டினாள்.

"கையெழுத்து கேட்டீங்கல்ல சார். முதல்ல இதுல நீங்க போடுங்க. அப்புறம் வண்டியில ஏறுங்க. வண்டி ஏத்தத்துல நிக்கலேன்னா உங்க கடிதத்துல நான் போடறேன்."

நீளமான குழாய் பூட்டி கேஜை ஜன்னல் வழியே உள்ளே கொண்டுவந்திருந்தாள் நாத்தனார். அதை மேனேஜர் மடியிலேயே வைத்தாள். சமதரையில் முள் நாலைக் காட்டியது. அவர் சிரித்தார்.

"நல்லாத்தானே இருக்கு?"

"மடியிலதானே இருக்கு, பார்த்துக்கிட்டே வாங்க."

முக்கால் மணி நேரத்தில் மூன்று. ஏற்றம் தொடங்கியபோது இரண்டு. பாதி ஏற்றத்தில் ஒன்றுக்கும் கீழே போனது. வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அவள் தலையை நீட்டினாள். அடங்கினார்கள்.

"இறங்குங்க சார். பட்டை கிழியாம இருக்கா பார்த்துட்டு, நீங்களே திறங்க."

அவர் திறந்தார். பெரிய மூச்சு இழுப்பதுபோல 'உஸ்ஸ்' என்று டேங்க் காற்றைக் குடித்தது. நாத்தனார் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நாலு" என்று உள்ளிருந்து கத்தினாள்.

மேனேஜர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் நின்றார். ஹாரன் போனை எடுத்து, அவசரப்படாமல் ஒரு படம் எடுத்தாள்.

ஷெட்டுக்கு வந்தபின் நாத்தனார் துளையில் கம்பி விட்டாள். தடிமனாக உறைந்த நீலப் பெயின்ட் வந்தது. முதலாளி பார்வையிட வருகிறார் என்று எல்லா டேங்குக்கும் ஒரே நாளில் நீலம் அடிக்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் அவர் படங்களை எடுக்கப் பலகைக்கு வந்தபோது அங்கே மூன்று இருந்தன.

"இதை எதுக்கும்மா? நான்தான் மன்னிப்புக் கடிதம் தர்றேன்னு சொல்றேனே."

"கடிதத்தை நான் ஒருத்திதான் படிப்பேன் சார். பலகையை எல்லாரும் பார்த்தாங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க, மூணையும் ஒண்ணா எடுத்துடலாம்."

சாப்பாட்டு வேளை. டிரைவர்கள், சுமை தூக்குகிறவர்கள் என்று முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். அந்த அம்மா மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

கூட்டத்தின் கடைசியில், கிரீஸ் படிந்த கையோடு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கல சார்."

அவர் இன்னொரு முறை சொன்னார். இந்தத் தடவை வாசலில் நின்ற காவல்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.