கதவுக்கு மிகத் தூரமான இருக்கை

நான் எழுதப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், கட்டி இரண்டு மாதமே ஆன என் புதுப் பற்கள் ரொட்டியோடு ரொட்டியாகப் போய்விடட்டும். எங்கள் ஊரில் சத்தியம் செய்வது ரொட்டியின் மேல்தான்; அதன் மேல் இடது கையை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். காகிதத்தைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லாததால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகன் ஷைலோபெக் விமானம் ஓட்டுகிறவன். எங்கள் கிர்கிஸ் மொழியில் அந்தப் பெயருக்குத் தேர்தல் என்று அர்த்தம். வாக்குப்பெட்டி வந்து இறங்கிய நாளில் பிறந்தான், வைத்துவிட்டார்கள். ஆனால் முப்பத்துநான்கு வயதுவரை அவனாக எதையும் தேர்ந்தெடுக்க நாங்கள் யாரும் விட்டதில்லை. அப்புறம் ஒரே வாரத்தில் அவனுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன.

ஒன்று வளைகுடாவிலிருந்து. முந்நூறு பேர் ஏறும் விமானம், குளிரூட்டிய வீடு, வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வரலாம். இன்னொன்று பிஷ்கெக்கில் அப்போதுதான் தொடங்கியிருந்த வானம்பாடி என்கிற சின்னக் கம்பெனியிலிருந்து. நாற்பத்தெட்டு பேர் ஏறும் பழைய ரஷ்ய விசிறி விமானம். காலையில் எங்கள் தாஷ்-கெச்சூவிலிருந்து மலையைத் தாண்டிப் பிஷ்கெக் போக வேண்டும், சாயங்காலம் தேநீருக்கு வீடு திரும்பிவிடலாம்.

அவன் மனைவி பெகிமாய்க்கு அப்போது ஐந்தாம் மாதம். இரண்டு கடிதங்களையும் மாவு பிசைந்த கையால் தொடாமல், குனிந்து படித்தாள்.

"இங்கேயே இருங்க. ஆனா ஒண்ணு. நம்ம சொந்தக்காரங்களை மட்டும் அதுல ஏத்தாதீங்க" என்றாள்.

"அவங்களை ஏத்தலேன்னா வேற யாரு இருக்கா ஏறுறதுக்கு?" என்றான் ஷைலோபெக்.

அவன் சொன்னதும் நியாயம். எங்கள் பள்ளத்தாக்கில் ஏழு தலைமுறைக்குள் சொந்தம் இல்லாதது ஓடுகிற ஆறு ஒன்றுதான், அதுவும் வேறு மாவட்டத்திலிருந்து வருவதால்.

அவன் வானம்பாடிக்குச் சரி என்று எழுதிப் போட்டான். கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. மூன்று மாதம் ஓட்ட வேண்டும். அதன் பிறகு தலைநகரத்திலிருந்து ஓர் ஆய்வாளர் கூடவே பறந்து பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், அதாவது வளைகுடாவுக்கு. வளைகுடாக்காரர்கள் அந்த வாரம்வரை காத்திருப்பதாகச் சொன்னார்கள். வசதி உள்ளவர்களுக்குப் பொறுமையும் இருக்கிறது.

விமானத்தளத்தில் ஆட்களையும் மூட்டைகளையும் எடை போடுகிற வேலை எனக்கு. தராசு ஆட்டுச் சந்தையிலிருந்து வந்தது. ஆகவே முதல் நாளிலிருந்து நடந்த எல்லாவற்றுக்கும் நானே சாட்சி.

முதல் நாளே சிக்கல். எங்கள் வீடுகளில் கதவுக்கு நேர் எதிரே, கதவிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் இடத்துக்குத் தோர் என்று பெயர். மூத்தவர் அங்கே உட்காருவார். அங்கிருந்து வயது குறைந்துகொண்டே வரும். எல்லோரிலும் இளையவன் கதவோரம் உட்கார்ந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றுவான். அந்த விமானத்துக்குக் கதவு வால்பக்கம். எனவே தோர் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சீட்டில் அச்சடித்திருந்த எண்களை ஒருவரும் பார்க்கவில்லை. மலையைத் தாண்டுவதற்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. உட்காருவதற்கு ஐம்பது.

"நான் பெரிய பனி விழுந்த வருஷம் பொறந்தவன். தள்ளி உட்காரு."

"நீ பனிக்குப் பின்னாடிடா. நான் விழும்போதே பொறந்தவன்."

எங்கள் ஊரில் வயது ஏற ஏற எடையும் ஏறும். முதிர்ந்தவர்கள் எல்லோரும் முன்னால் சேர்ந்ததில் விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போலப் பறந்தது. மேய்ச்சல் காட்டில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து வால்பக்கம் நான்கு ஆடுகளைக் கட்டினோம். விமானம் நிமிர்ந்துவிட்டது. ஆடுகள் வயதைப் பற்றிப் பேசவில்லை.

பெரிய சிக்கல் இரண்டாம் வாரத்தில் வந்தது. ஷைலோபெக்கின் பெரியப்பா கல்முர்ஸா, வயது தொண்ணூற்றொன்று, முதல் முறையாக ஏறினார். நேராக முன்வரிசைக்குப் போனார். உட்காரப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசைக்கும் முன்னால் ஒரு கதவு, அதற்குள்ளே இரண்டு நாற்காலி, சுற்றிலும் கண்ணாடி.

"அங்கே யாரு உட்கார்ந்திருக்கா?" என்று கேட்டார்.

"இடது பக்கம் கேப்டன் கென்னாடி, அண்ணே" என்றேன். "ரஷ்யக்காரர். நம்ம சொந்தமில்லை."

"அப்போ விருந்தாளி. விருந்தாளி தோர்ல உட்காரட்டும். வலது பக்கம்?"

"நம்ம ஷைலோபெக்."

கல்முர்ஸா உட்காரவில்லை. மற்ற நாற்பத்தேழு பேரும் எழுந்து நின்றார்கள். ஷைலோபெக்கின் கழுத்து பின்னாலிருந்து பார்க்கவே சிவந்தது.

"பெரியப்பா," என்றான் திரும்பிப் பார்க்காமல், "நீங்க குதிரையில போறப்போ கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் முன்னாடி நடப்பானே. அவன் உங்களைவிடப் பெரியவனா?"

"அவன் வேலைக்காரன்."

"நானும் அதான். நான் உட்காரலை, பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

கிழவர் யோசித்தார். யோசித்து முடிக்கும்வரை யாரும் பெல்ட் போடவில்லை.

"சரி, பிடி" என்றார். "ஆனா வேலைக்காரன்தான் தேத்தண்ணியும் ஊத்தணும்."

அன்றிலிருந்து விமானம் மேலே ஏறியதும் ஷைலோபெக் கென்னாடியிடம் ஒப்படைத்துவிட்டுக் கெண்டியோடு எழுந்து வருவான். எங்களில் மரியாதை என்றால் கிண்ணத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம், பறக்கும் விமானத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே நாற்பத்தெட்டு பேருக்கும் பாதி பாதியாக ஐந்து சுற்று. இறங்கும்போது கை மரத்துப்போயிருக்கும். ஆனால் சாயங்காலம் வீட்டில் இருந்தான். பெகிமாய் அவன் கையை வெந்நீரில் பிடித்து வைத்திருப்பாள்.

மூன்று மாதம் முடிந்தது. ஆய்வாளர் பிஷ்கெக்கில் ஏறினார். பெயர் துர்சுனாலி, வயது ஐம்பத்தெட்டு, தலாஸ் பக்கத்து ஆள். தோல் பை, இரண்டு பேனா, சிரிக்காத முகம். அன்று நானும் விமானத்தில் இருந்தேன், பல் அளவு கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பைலட்டுகள் இருவருக்கும் நடுவில் ஒரு மடக்கு நாற்காலி உண்டு. அங்கே உட்கார்ந்து பைலட்டின் கைகளைப் பார்ப்பதுதான் ஆய்வாளரின் வேலை. விதி அப்படி.

அவர் முன்வரிசையைத் தாண்டும்போது கல்முர்ஸா கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"யாரு பிள்ளைப்பா நீ?"

"ஐயா, நான் வேலையா வந்திருக்கேன்."

"வேலையா வந்தா அப்பன் இல்லாம வருவியா? ஏழு பேரைச் சொல்லு."

ஏழு தந்தையர் பெயரைச் சொல்லத் தெரியாத கிர்கிஸ்காரன் என்று பேர் வாங்க அவருக்கு மனமில்லை. வேகமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்தார். ஆறு பேர்வரை ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதாக, "எசென்குல்" என்றார்.

"எந்த எசென்குல்? கணவாய்ல ஓநாயைக் கையால பிடிச்ச எசென்குல்லா?"

"ஆமா."

"அவர் ஷைலோபெக்குக்கு ஆறாவது அப்பன்" என்றார் கல்முர்ஸா. "உனக்கு ஏழாவது. அப்போ நீ அவனுக்கு ஒரு படி கீழே. அவன் உனக்குச் சித்தப்பா."

விமானம் முழுக்க விரல் விட்டு எண்ணிப் பார்த்தது. சரியாகத்தான் இருந்தது.

"சித்தப்பா பிடிச்சுக்கிட்டு நிக்கறப்போ மகன் தோர்ல உட்காரலாமா?" என்று பனி விழும்போது பிறந்தவர் கேட்டார்.

துர்சுனாலி பையை எடுத்துக்கொண்டு வாலுக்குப் போய், ஆடுகளுக்கு இந்தப் பக்கம், கதவோரம் உட்கார்ந்தார். மகன் கிடைத்துவிட்டதால் அன்று ஷைலோபெக் தேநீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளர் ஊற்றினார். நன்றாகவே ஊற்றினார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஷைலோபெக் வாழ்நாளிலேயே மிக அழகாக இறக்கியது அன்றுதான். சக்கரம் தொட்டதே தெரியாமல், எல்லோரும் கையால் முகத்தைத் துடைத்து ஓமின் என்று பிரார்த்தனை முடித்த பிறகுதான் இறங்கிவிட்டோம் என்று தெரிந்தது. அதைப் பார்க்க வேண்டியவர் வாலில் கிண்ணம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஷைலோபெக் வீட்டில் ஆடு அறுத்திருந்தார்கள். துர்சுனாலி முறைப்படி எல்லோர் கையிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, கதவோரம் உட்கார்ந்து பையைத் திறந்தார்.

"கையெழுத்துப் போட முடியாது" என்றார். "ரெண்டு காரணம். ஒண்ணு, கையைப் பார்க்கலை. ரெண்டு, சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரன் சான்று கொடுக்கக் கூடாதுன்னு விதி. மன்னிச்சுக்குங்க சித்தப்பா."

"வேற ஆய்வாளர் வருவாரா?" என்றான் ஷைலோபெக்.

"இன்னும் மூணு பேர் இருக்காங்க. ஆனா இவர்," என்று கல்முர்ஸாவைக் காட்டினார், "அவங்களையும் கேப்பாரே."

"கேப்பேன்" என்றார் கல்முர்ஸா. "கேட்டா கிடைக்கும்."

வளைகுடாக்காரர்கள் காத்திருப்பதாகச் சொன்ன வாரத்தில் இரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது. எட்டு மாத வயிற்றோடு பெகிமாய் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மருமகள்கள் பெரியவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவள் கெண்டியைப் பார்த்தே பேசினாள்.

"குழந்தைக்கு ஏழு அப்பன் பேரையும் நானே சொல்லிக் குடுத்துடுவேன், பெரிய மாமா. ஒண்ணும் கவலையில்லை. பின்னாடி ஆறு பேருக்கும் கல்லறை இருக்கு, கூட்டிட்டுப் போய்க் காட்டலாம். முதல் ஆளுக்கு மட்டும் டெலிபோனைக் காட்டுறேன்."

சொல்லிவிட்டு, கல்முர்ஸாவின் கிண்ணத்தில் பாதி ஊற்றினாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

கிழவர் அந்தப் பாதிக் கிண்ணத்தைக் குடித்து முடிக்க நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இது எங்க அப்பா சாகும்போது என்கிட்ட மட்டும் சொன்னது. ஷைலோபெக்குக்கு ஐந்தாவது அப்பன் ஜந்தாய் இருக்காரே, அவர் எசென்குல்லுக்குப் பொறந்தவர் இல்லை. கணவாய்ல ஒரு சேணப்பைக்குள்ள கிடந்த பிள்ளை. எசென்குல் எடுத்து வளர்த்தார்."

எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் ஜந்தாயின் வழி, மீதிப்பேர் அவர் தம்பியின் வழி. கிழவர் ஒரே மூச்சில் பள்ளத்தாக்கை இரண்டாகப் பிளந்துவிட்டார். அவரே அந்த நிமிடத்திலிருந்து பாதி ஊருக்கு மூத்தவர் இல்லை, யாரோ சேணப்பையில் விட்டுப்போன பிள்ளையின் வழி வந்தவர்.

"அண்ணே, சாகுறப்போ உங்கப்பாவுக்குப் பேச்சே வரலையே" என்றேன் மெதுவாக. பக்கவாதத்தில் போனவர் அவர்.

"கையைக் காட்டிச் சொன்னார்" என்றார் கல்முர்ஸா. "நீ எடை போடுறவன். எடையை மட்டும் பாரு."

துர்சுனாலி பேனாவை எடுத்தார். "ஆதாரம்?"

"நான் சொல்றேன்."

அவர் எழுதிக்கொண்டார். உறவு: இல்லை. ஆதாரம்: கல்முர்ஸா, வயது 91. எழுதி முடித்ததும் வீட்டாரின் முகம் மாறியது. சொந்தம் இல்லையென்றால் துர்சுனாலி இனி மகன் முறை இல்லை, வெளியூர் விருந்தாளி. விருந்தாளியைக் கதவோரம் உட்காரவைத்த வீடு என்று ஊர் பேசுமே. பெண்கள் பதறி எழுந்தார்கள். அவரைத் தோருக்குக் கூட்டிப்போய் மெத்தை போட்டு, கல்முர்ஸாவுக்கு வைத்திருந்த ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் ஒரு காதை அறுத்துத் தின்றுவிட்டு, "வெளிச்சம் இருக்கு. இன்னொரு சுற்றுப் போகலாம்" என்றார்.

எல்லோரும் ஏறினோம். இப்படி ஒன்றைத் தவறவிட யாருக்கும் மனமில்லை. இந்த முறை துர்சுனாலி நேராக உள்ளே போய் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார், யாரும் தடியை நீட்டவில்லை. தடிக்காரர் கடைசியாக ஏறினார். எசென்குல்லின் உண்மையான வாரிசுகள் இடம் விட எழுந்தபோது கையால் அமர்த்திவிட்டு, கதவோரம் உட்கார்ந்து, தொண்ணூற்றொரு வயதில் எங்கள் நாற்பத்தைந்து பேருக்கும் தேநீர் ஊற்றினார். கை நடுங்கியதில் எனக்கு மட்டும் கிண்ணம் நிறைந்துவிட்டது. நடுக்கம்தான் என்று நினைக்கிறேன்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். ஷைலோபெக் வளைகுடாவுக்கு இரண்டு வரியில் மறுப்பு எழுதினான். மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மகன் பிறந்தான். அப்பன் சாயங்காலத் தேநீருக்கு வந்து, கெண்டியைக் கீழே வைக்காமலே பார்த்தான். இலையுதிர் காலத்தில் ஊரில் பதினொரு கல்யாணம் நடந்தது. ஏழு தலைமுறைக்குள் கல்யாணம் கூடாது என்கிற கட்டு விலகட்டும் என்று எத்தனையோ பிள்ளைகள் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பதினொரு வீட்டிலும் கல்முர்ஸாவுக்குத்தான் தோர். இரு பக்கத்துக்கும் சம்பந்தி வகை என்று சொன்னார்கள்.

எங்கள் மாவட்டத்தில் விமானத்தளம் கட்டுவதற்கு அதிகாரிகள் இன்னும் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ரொட்டியை நான் இன்னும் கடித்துப் பார்க்கவில்லை.