வாய் வைக்காத டம்ளர்

வியாசர்பாடி குடியிருப்பின் இரண்டாவது மாடி வராந்தாவில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், ஏதோ தொண்டு அமைப்பிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்ட நர்மதா என்று ஒரு பெண். பெரிய வெள்ளைத் தாளைப் பரப்பி, தலைப்பில் 'எல்லா மனிதருக்கும் மாண்பு உண்டு' என்று எழுதியிருந்தாள். உலகத்துக்கே பொதுவான பேச்சாம் அது. அதை இந்த ஏரியாவுக்குத் தக்கபடி இவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டுமாம்.

செங்கொடிக்கு அந்தத் தாளைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. வராமல் என்ன செய்யும்? அவளும் அங்கிருந்த பாதிப் பேரும் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெருக்கித் துடைக்கிறவர்கள். போன வருஷம் இப்படித்தான் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்து குறை கேட்டாள். ஞானசெல்வி மட்டும் எழுந்து, பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்லை என்றாள். மறுநாள் ஞானசெல்வியை யார்டு கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். வந்தவள் காண்டிராக்டரின் ஆள் என்பது அப்போதுதான் விளங்கியது.

வெளியாள் யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது அந்தக் குடியிருப்பின் வழக்கம். அக்கா, அண்ணா என்று உருகுகிறவர்கள்கூட இவர்கள் வீட்டு டம்ளரைக் கண்டால் சாதி ஞாபகம் வந்து பின்வாங்குவதை நிறையவே பார்த்தாயிற்று. செங்கொடி தண்ணீர் கொடுத்தாள். நர்மதா தேங்க்ஸ் சொல்லி வாங்கி, உதட்டில் வைப்பது மாதிரி வைத்து, பாயோரம் இறக்கிவிட்டாள். தண்ணீர் அப்படியே இருந்தது.

"பாத்தியா, வாயே நனைக்கல. இவ நமக்கு மாண்பு சொல்லிக் குடுக்க வந்துகீறா" என்று பக்கத்திலிருந்த கன்னியம்மாவின் காதைக் கடித்தாள் செங்கொடி.

அது பாய் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்?

"வேலை செய்யற எடத்துல எப்படிக்கா?" என்று நர்மதா கேட்டாள்.

"நல்லா கீதும்மா."

"ஒரு குறையும் இல்லியா?"

"இன்னா குறை? எல்லாம் ஷோக்கா கீது."

நர்மதா சட்டென்று எழுந்து, கீழே போய்விட்டு வருவதாகச் சொல்லி இறங்கினாள். யாருக்கோ போன் போடத்தான் போகிறாள் என்று செங்கொடியும் பின்னாலேயே இறங்கினாள்.

நர்மதா போனைத் தொடவில்லை. பெட்டிக்கடைக்காரியிடம் எதையோ தணிந்த குரலில் கேட்டாள். அவள் தலையாட்டி இல்லையென்றதும், காலோடு காலை ஒட்டிக்கொண்டு நெற்றி வேர்க்க நின்றாள். செங்கொடிக்கு அந்த நிற்பு தெரியும். யார்டில் மதியத்துக்கு மேல் அவளும் அப்படித்தான் நிற்பாள்.

"இன்னாம்மா, பாத்ரூமா?"

"ஆமாக்கா. காலைலேர்ந்து கல்மண்டபம், டோல்கேட்டுன்னு ஏரியா ஏரியாவா ஒரே மீட்டிங். போற எடத்துல கேக்கக் கூச்சம். அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்கிறதில்ல."

செங்கொடி அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனாள். வெளியே காத்து நின்றபோது தன் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்ததே ஒழிய, சந்தேகம் போகவில்லை. காண்டிராக்டரின் ஆளுக்கு மட்டும் மூத்திரம் வராதா என்ன? யார் அனுப்பி வந்திருந்தாலும் அடக்கினால் வலிக்கத்தான் செய்யும்.

மறுபடி பாய்க்கு வந்ததும் செங்கொடியே பேச்சை ஆரம்பித்தாள்.

"எழுதிக்கோ. யார்டுல எங்களுக்குக் கக்கூஸ் இல்ல. வேலைக்குப் போற எடத்துல பொம்பளைக்குத் தாகம் எடுத்தா, பயப்படாம தண்ணி குடிக்கணும். எங்க ஏரியாவுல மாண்புன்னா அதான்."

நர்மதா எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"இத வச்சு யார்டுல கக்கூஸ் கேக்கலாம்க்கா. ஆனா பேரில்லாம மனு குடுத்தா யாரும் மதிக்க மாட்டாங்க. யார் பேரப் போடட்டும்?"

ஆளுக்கு ஆள் பக்கத்திலிருப்பவள் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் கன்னியம்மா சொன்னாள். "ஞானசெல்வி பேரப் போடேன். அவளுக்குத்தான் அங்க வேலை இல்லியே."

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. சுவரோரம் இருந்த ஞானசெல்வி குரலை உயர்த்தவில்லை.

"எம்பேரு ஒரு தபா போயாச்சு. அன்னிக்கு நீங்கல்லாம் தரையப் பாத்துகினு இருந்தீங்க. இப்ப சொன்னவ பேர எழுது."

சொன்னவள் செங்கொடிதான். யார்டுச் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. நாளைக்கு கேட்டில் தன் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பினால்? நர்மதாவின் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், செருப்பைக்கூடப் பார்த்தாள். இவள் யாருடைய ஆள் என்று அதிலெல்லாம் எழுதியா ஒட்டியிருக்கும்?

"செங்கொடி" என்றாள்.

நம்பிக்கை வந்து சொல்லவில்லை. நர்மதா அந்தப் பெயரை எழுதி முடிக்கும்வரை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.